டேக்கிள் கணக்கை வைத்து மிட்ஃபீல்டரை எடை போடலாமா? எந்த அளவுகோல் எதற்கு உதவும்

கால்பந்து கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் சீசனிலும் யாராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். பின்வரிசைக்கு முன்னால் நின்று காக்கும் ஹோல்டிங் மிட்ஃபீல்டர்கள் இருவரின் பெயர், பக்கத்தில் டேக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது), இன்டர்செப்ஷன் (பாஸை இடைமறிப்பது), ரெக்கவரி (யார் வசமும் இல்லாத பந்தை மீட்பது) என்று மூன்று வரிசை எண்கள். "இவர்தானே பெரிய ஆள்? எண்ணே சொல்லுதே!" ஒருமுறை ரோட்ரியும் டெக்லன் ரைஸும். இன்னொரு முறை ரைஸும் கைசெடோவும். பெயர்கள்தான் மாறும், சண்டை அதேதான்.

நான் வழக்கமாகப் பதிலுக்கு இழுப்பது பிரெஞ்சு மிட்ஃபீல்டர் கான்டேவை. 2015-16 பிரீமியர் லீக்கில் லெஸ்டர் சிட்டிக்காக அவர் போட்ட டேக்கிள்கள் 175, இன்டர்செப்ஷன்கள் 150-க்கு மேல். இரண்டிலும் லீக்கிலேயே முதலிடம். லெஸ்டர் 81 புள்ளிகளோடு கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசன் செல்சிக்குப் போனார். டேக்கிள்கள் 127-ஆக இறங்கின. செல்சி 93 புள்ளிகளோடு சாம்பியன். சக வீரர்கள் வாக்களித்துத் தரும் ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்கு வந்தது 175 டேக்கிள் போட்ட ஆண்டில் அல்ல, 127 போட்ட ஆண்டில். அதே மனிதர், அதே கால்கள். ஒரே ஆண்டில் கால்வாசிக்கு மேல் மோசமாகிவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாறியது அவரைச் சுற்றியிருந்த அணி. லெஸ்டரில் நான்கு பேர் கொண்ட நடுவரிசையின் மையத்தில் டிரிங்க்வாட்டரோடு இரண்டே பேராக நின்று, பந்து பெரும்பாலும் எதிரணியிடமே இருந்த ஆட்டங்களில் ஓடினார். செல்சியில் அவருக்குப் பின்னால் மூன்று சென்டர்பேக்குகள், பக்கத்தில் மாட்டிச், பந்தும் பாதிக்கு மேல் தன் அணியிடமே.

அப்படியானால் எண்களைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். எந்த எண்ணை எந்தக் கேள்விக்கு எடுப்பது என்பதுதான் தெரியவேண்டும்.

## முதலில் நான்கு கேள்விகள்

எந்த அளவுகோலை எடுத்தாலும் அதை இந்த நான்கிலும் உரசிப் பார்க்கிறேன்.

வாய்ப்பு. எதிரணியிடம் பந்து இருந்தால்தான் டேக்கிள் போடமுடியும். அந்த வாய்ப்பு இருவருக்கும் சமமாகக் கிடைத்ததா?

வேலை. "மிட்ஃபீல்டர்" என்ற ஒரே தலைப்பின் கீழ் பட்டியலில் நிற்பவர்களுக்கு ஒரே வேலையா? 2003-லும் 2007-லும் சாம்பியன்ஸ் லீக் வென்ற மிலான் அணியில் பாஸ் போட்டு ஆட்டத்தை நடத்தும் பிர்லோவும் பந்தைப் பறிக்கும் கட்டூசோவும் தோளோடு தோள் நின்றார்கள். டேக்கிள் கணக்கில் இருவரையும் ஒப்பிடுவது சமையல்காரரையும் பரிமாறுபவரையும் எத்தனை வெங்காயம் நறுக்கினார்கள் என்று கேட்டு ஒப்பிடுவது மாதிரி.

தோல்வி. தவறிய முயற்சியும் கணக்கில் வருகிறதா, பலித்தது மட்டும்தானா?

நடக்காதது. அவர் அங்கே நின்றதால் எதிராளி போடாமல் விட்ட பாஸ் எங்காவது பதிவாகிறதா?

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கடினம். கபடி பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பலமான கார்னர் ஆட்டக்காரர் நிற்கும் பக்கம் ரெய்டர் போவதே இல்லை. மறுபக்கம் போய் அங்கே மாட்டிக்கொள்கிறார். டேக்கிள் பாயின்ட் மறுபக்கத்துக்காரர் பெயரில் எழுதப்படுகிறது. பயமுறுத்தியவர் பெயரில் பூஜ்யம். கால்பந்தில் இது ஒரு ஆட்டத்தில் நூறு தடவை நடக்கும். ஸ்பெயின் மிட்ஃபீல்டர் ஷாபி அலோன்சோ 2011-இல் ஒரு பேட்டியில் இதையே வேறு விதமாகச் சொன்னார்: டேக்கிள் ஒரு வீரரின் சிறப்புத் தகுதி அல்ல, வேறு வழியில்லாதபோது கையிலெடுக்கும் ஒன்று. ஸ்பெயின்காரர் பேச்சு என்று இங்கிலாந்தில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் ஹோல்டிங் மிட்ஃபீல்டர் வேலையை அவரளவு அறிந்தவர்கள் குறைவு.

## மொத்த எண்ணிக்கை

நான்கு கேள்விகளிலும் தோற்கும் அளவுகோல் இது. வாய்ப்பைப் பார்க்காது, வேலையைப் பார்க்காது, தவறியதைச் சொல்லாது, நடக்காததை அறியவே அறியாது. அதிகம் பகிரப்படுவதும் இதுதான்.

ஆனாலும் ஒரே ஒரு இடத்தில் இதுதான் ராஜா: நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் புள்ளி சேர்க்கும் இணைய விளையாட்டான ஃபேன்டசி பிரீமியர் லீக். 2025-26 சீசனில் வந்த விதிப்படி, ஒரு மிட்ஃபீல்டர் ஒரே ஆட்டத்தில் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள், ரெக்கவரி எல்லாம் சேர்த்து 12 எட்டினால் 2 புள்ளி. அங்கே நீங்கள் கேட்பது "யார் சிறந்தவர்?" என்பதல்ல, "யார் பெயரில் எண் ஏறும்?" என்பது. அதற்கு மட்டமான அணியில், பந்தில்லாமல் 60 நிமிடம் ஓடும் மிட்ஃபீல்டர்தான் சரியான ஆள். அணியின் பலவீனமே உங்களுக்கு லாபம். ஃபேன்டசிக்காக ஆள் தேடுகிறீர்கள் என்றால் கட்டுரையின் மிச்சத்தைப் படிக்காமலே போய்விடலாம்.

மற்றவர்கள் இதையும் கவனியுங்கள். கான்டே போன பிறகு, 2017 ஜனவரியில் கெங்க் அணியிலிருந்து லெஸ்டருக்கு வந்தவர் வில்ஃப்ரெட் நிடிடி. அடுத்த இரண்டு முழு சீசன்களிலும் லீக்கின் டேக்கிள் பட்டியலில் உச்சியில் இருந்தவர் அவரே. நிடிடி நல்ல பந்து பறிப்பவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆள் மாறியும் அதே கிளப்பின் அதே நாற்காலியிலிருந்து அதே எண் வருகிறதென்றால், அதில் நாற்காலியின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு? மொத்த எண்ணிக்கை இந்தக் கேள்விக்கு வாயே திறக்காது.

## 90 நிமிடக் கணக்கு

மொத்தத்தை ஆடிய நிமிடங்களால் வகுத்து, 90-ஆல் பெருக்குவது. காயத்தால் பாதி சீசன் ஆடாதவருக்கு நியாயம் செய்கிறது. அதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

ஒரு பொறி உண்டு. முன்னிலையில் இருக்கும் அணிக்கு 70-ஆவது நிமிடம் இறங்கி, முற்றுகைக்கு நடுவே 20 நிமிடத்தில் இரண்டு டேக்கிள் போட்டவர், கணக்குப்படி 90 நிமிடத்துக்கு 9 டேக்கிள் போடும் அசுரன் ஆகிவிடுவார். குறைந்தது 900 நிமிடம் ஆடியிருந்தாலொழிய இந்த எண்ணை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

## பொசஷன் திருத்தம்

வாய்ப்பு என்ற முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரே எளிய முறை. எதிரணியிடம் பந்து எவ்வளவு இருந்ததோ, அதற்கேற்ப டேக்கிள் எண்ணைக் கூட்டியோ குறைத்தோ பார்ப்பது.

கையாலேயே போடலாம். கற்பனைக்கு இரண்டு பேர். முதலாமவர் 90 நிமிடத்துக்கு 4 டேக்கிள். அவர் அணியின் பொசஷன் (பந்து தன்னிடம் இருந்த பங்கு) 43 சதவீதம், அதாவது எதிரணிக்கு 57. இரண்டாமவர் 2.5 டேக்கிள், அவர் அணிக்கு 65, எதிரணிக்கு 35. இருவரையும் எதிரணிக்கு 50 சதவீதம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தால், முதலாமவர் 4 × 50 ÷ 57 = 3.5. இரண்டாமவர் 2.5 × 50 ÷ 35 = 3.6. ஒன்றரை டேக்கிள் பின்னால் நின்றவர் ஒரு நூலிழை முன்னால் வந்துவிட்டார்.

கணக்கு அழகாக இருக்கிறது. இந்த அழகில் நானும் கொஞ்ச காலம் மயங்கிக் கிடந்தேன். உள்ளே மறைந்திருக்கும் செலவுகள் பிறகுதான் தெரிந்தன.

முதல் செலவு, பொசஷன் என்ற எண்ணே நேரத்தை அளப்பதல்ல. ஆப்டா போன்ற புள்ளிவிவர நிறுவனங்கள் அதைப் பாஸ்களின் பங்காகக் கணக்கிடுகின்றன. பத்து சின்னப் பாஸ் போட்டு ஒரு நிமிடம் ஓட்டும் அணியும், மூன்று பாஸில் அதே ஒரு நிமிடத்தை ஓட்டும் அணியும் இந்தக் கணக்கில் வேறு வேறு. நீங்கள் வகுக்கும் எண்ணே சாய்ந்த தராசிலிருந்து வந்தது.

இரண்டாவது, எந்த இடத்தில் பந்து இருந்தது என்பது. எதிரணியின் சென்டர்பேக்குகள் இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தை உருட்டிக்கொண்டிருக்க, நம் ஹோல்டிங் மிட்ஃபீல்டர் 40 மீட்டர் தள்ளி நிற்கிறார். அந்த நேரமும் "டேக்கிள் போடும் வாய்ப்பு" என்று சேர்கிறது. அவருக்கு அது வாய்ப்பே இல்லை.

மூன்றாவதுதான் பெரியது. பந்து அதிகம் வைத்திருக்கும் அணியின் மிட்ஃபீல்டர் போடும் டேக்கிள்களில் பல, பந்து பறிபோன அடுத்த நான்கைந்து வினாடிகளில் வருபவை. எதிராளி இன்னும் நிமிரவில்லை, அவருடைய கூட்டாளிகள் சிதறிக் கிடக்கிறார்கள். தாழ்ந்து நின்று தடுக்கும் அணியின் மிட்ஃபீல்டர் சந்திப்பது செட்டிலான தாக்குதலை. 70 சதவீதப் பொசஷன் அணிக்காரரின் 2 டேக்கிளை இந்த முறையில் 3.3-ஆக உயர்த்தும்போது, ஒரு வகை டேக்கிளை எடுத்து இன்னொரு வகையாக விற்கிறோம். டெட் நட்ஸன் 2014-இல் ஸ்டாட்ஸ்பாம் என்ற புள்ளிவிவரத் தளத்தில் இத்தகைய திருத்தத்தை முன்வைத்தபோதே நேர்விகிதத்துக்குப் பதில் வளைந்த சமன்பாட்டைப் பயன்படுத்தி, இரண்டு ஓரங்களிலும் திருத்தம் எகிறாமல் அடக்கினார்.

இது சரியாக உதவுவது 200 பெயர்களை 20-ஆகச் சுருக்கும்போது. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நம்பினால் கவிழ்த்துவிடும்.

## வெற்றி விகிதம்

"எத்தனை போட்டார் என்பதை விடுங்கள், எத்தனை ஜெயித்தார்?" நியாயமான கேள்விதான். மூன்றாவது உரைகல்லான தோல்வி இங்கே வரவேண்டும். ஆனால் இங்கேதான் சொல்லே ஏமாற்றுகிறது.

ஆப்டா வரையறைப்படி, டேக்கிள் என்றாலே எதிராளியின் காலிலிருந்து பந்து பிரிந்துவிட்டது என்று பொருள். அந்தப் பந்து நம் அணிக்கு வந்ததா, மறுபடி அவர்களிடமே போனதா என்பதை வைத்துத்தான் வெற்றி, தோல்வி. மிட்ஃபீல்டர் பாய்ந்து, எதிராளி அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால் அது தோற்ற டேக்கிள் அல்ல; டேக்கிளே அல்ல. வேறு பத்தியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாய்ந்து காலைத் தட்டிவிட்டால் அதுவும் டேக்கிள் இல்லை, ஃபவுல் பத்தியில் சேரும்.

ஆக, ஒருவர் மூன்று டேக்கிள் போட்டு மூன்றும் நம் அணிக்கு வந்தால் 100 சதவீத வெற்றி. அதே ஆட்டத்தில் ஐந்து தடவை அவரைத் தாண்டிப் போயிருந்தாலும் 100 சதவீதம்தான். உண்மையில் எட்டு முயற்சியில் மூன்று, 37.5 சதவீதம். இதில் ஃபவுல் இன்னும் சேரவில்லை.

எனவே மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும்: டேக்கிள், தாண்டப்பட்டது, ஃபவுல். ஃபவுலையும் உடனே குறையாக எழுதிவிடாதீர்கள். மான்செஸ்டர் சிட்டியில் ஃபெர்னான்டினோ பல வருடம் செய்த வேலையில் ஒரு பகுதியே அது. எதிர்த்தாக்குதல் கிளம்பும் கணத்தில், நடுக்கோட்டுப் பக்கம், மஞ்சள் அட்டைக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு சின்ன இடறல். தாக்குதல் நின்றுவிடும், அணி தன் இடத்துக்குத் திரும்பிவிடும். டேக்கிள் பத்தியில் பூஜ்யம். ஆனால் அந்த ஆட்டத்தின் மிக முக்கியமான தடுப்பு அதுவாக இருக்கலாம்.

மறுபக்க ஓட்டையும் உண்டு. பாயவே பாயாமல் பின்னால் நகர்ந்துகொண்டே இருப்பவரை யாரும் "தாண்டியதாக" பதிவாகாது. கோழையும் ஞானியும் இந்தப் பத்தியில் ஒரே எண்ணோடு நிற்பார்கள்.

உங்கள் அணிக்கு நேருக்கு நேர் மோதலில் நம்பகமான ஒருவர் வேண்டும், நடுவில் தனியாக நிற்கப்போகிறார் என்றால், இந்த மூன்று எண் கூட்டுத்தான் உங்களுக்கான அளவுகோல்.

## பிரஸ்ஸிங் எண்கள்

பந்தைத் தொடாமலே எதிராளியை அவசரப்படுத்தியதைக் கணக்கில் கொள்வதால், நடக்காததை ஓரளவு எட்டிப் பார்க்கும் முறை இது. ஸ்டாட்ஸ்பாம் இதைத் தனியாகப் பதிவு செய்தது. எஃப்பிரெஃப் என்ற புள்ளிவிவரத் தளத்தில் கொஞ்ச காலம் இலவசமாகவும் கிடைத்தது. 2022-இல் அந்தத் தளம் ஆப்டாவுக்கு மாறியதும் அந்தப் பத்தி காணாமல் போனது. இப்படி ஒரு பத்தியை நம்பி வாதம் கட்டி வைத்தவர்கள் அன்று நடுத்தெருவில் நின்றார்கள். அடியேனும் ஒருவன்.

பி.பி.டி.ஏ என்ற எண்ணை வீரரோடு ஒட்டிப் பேசுவோரும் உண்டு. எதிரணி தன் பக்க 60 சதவீதக் களத்தில் போடும் பாஸ்களை, அங்கே நம் அணி செய்த தடுப்புச் செயல்களால் வகுத்து வருவது அது. 2014-இல் காலின் டிரெய்னர் அறிமுகப்படுத்தினார். எண் குறைந்தால் அழுத்தம் அதிகம். ஆனால் அது முழுக்க முழுக்க அணியின் எண். கோச்சின் உத்தரவை வீரரின் குணமாக எழுதக்கூடாது. ஒரு வீரர் உங்கள் ஆட்டமுறைக்குப் பழக்கப்பட்டவரா என்று பார்க்க, அவர் எந்த வகை அணியிலிருந்து வருகிறார் என அறிய மட்டும் இது போதும்.

## இருந்தபோது, இல்லாதபோது

டேக்கிளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவர் களத்தில் இருந்தால் அணிக்கு என்ன ஆகிறது, இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று கேட்பது. நடக்காததையும் சேர்த்து விழுங்கிவிடும் ஒரே முறை.

இதன் நாயகன் ரோட்ரி. 2023-24 லீக்கில் மான்செஸ்டர் சிட்டி மூன்றே ஆட்டங்களில் தோற்றது: வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் ரோட்ரி தடையில் வெளியே. 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் முழங்கால் போனது. முந்தைய சீசன் 91 புள்ளி எடுத்து 34 கோல் வாங்கிய அணி, அந்த சீசன் 71 புள்ளி எடுத்து 44 கோல் வாங்கியது. அக்டோபரில் அவருக்கு உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருது கிடைத்தது. இந்தக் கதையில் டேக்கிள் என்ற சொல்லே வரவில்லை பாருங்கள்.

கேட்பவரை மயக்கும் கதை. அதனாலேயே ஆபத்தானது. அந்த 2023-24 சீசனில் அவர் ஆடாத லீக் ஆட்டங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று ஆர்சனல் மைதானம், இன்னொன்று வில்லா மைதானம், யார் போனாலும் தோற்கக்கூடிய இடங்கள். 2024-25-இல் சிட்டிக்கு உடைந்தது ரோட்ரியின் முழங்கால் மட்டுமல்ல. பின்வரிசையில் காயங்கள், டி புருய்னே பல வாரம் வெளியே, அணிக்கே வயது ஏறிவிட்டது. எல்லாப் பழியையும் ஒரு வெற்றிடத்தின் மேல் போடுகிறோம்.

ஹோல்டிங் மிட்ஃபீல்டர் மகலேலே கதையும் இதே வகை. 2003-இல் ரியல் மாட்ரிட் அவரை செல்சிக்கு விற்றது. அதன் பிறகு 2006-07 வரை ஸ்பெயின் லீக் கோப்பை அவர்களுக்கு வரவில்லை. செல்சி 2004-05-இல் லீக் முழுக்க வாங்கியது 15 கோல்தான். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்த செல்சியில் செக், டெர்ரி, கார்வாலோ, மேலே கோச் மொரின்யோ. 15-இல் மகலேலேவின் பங்கைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

ஒரு கிளப்பின் சொந்த வீரருக்கு ஒப்பந்தம் நீட்டலாமா என்ற முடிவுக்கு, இரண்டு மூன்று சீசன் தரவு கையில் இருந்தால், இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. வெளியிலிருந்து ஆள் வாங்க இது உதவாது. அவருடைய பழைய அணி கூடவே வராது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எப்போது எடுக்கலாம் | எங்கே கவிழ்க்கும் |
|---|---|---|
| மொத்த எண்ணிக்கை | ஃபேன்டசி | மற்ற எல்லா இடத்திலும் |
| 90 நிமிடக் கணக்கு | காயம்பட்டவரை ஒப்பிட | குறைந்த நிமிடங்கள் |
| பொசஷன் திருத்தம் | நீண்ட பட்டியலைச் சுருக்க | கடைசி இருவரில் தேர்வு |
| டேக்கிள் + தாண்டப்பட்டது + ஃபவுல் | ஒற்றை ஹோல்டிங் வீரர் தேட | பாயாமல் ஒதுங்குபவர் |
| பிரஸ்ஸிங் எண்கள் | ஆட்டமுறைப் பொருத்தம் | அணியை ஆளாக எண்ணும்போது |
| இருந்தது / இல்லாதது | சொந்த வீரர் பற்றிய முடிவு | சில ஆட்டங்களே உள்ளபோது |
| கண்ணால் பார்ப்பது | கடைசி இருவர் | முன்முடிவோடு பார்க்கும்போது |

கடைசி வரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கும் நோய் உண்டு: சறுக்கிப் போடும் டேக்கிள் ஒன்று நினைவில் பத்தாகப் பெருகும். ஒரு பாதி ஆட்டம் பந்தை மறந்துவிட்டு அந்த ஒருவரை மட்டும் பாருங்கள். பந்து வைத்திருக்கும் எதிராளி தலையைத் தூக்கிப் பார்த்து, முன்னால் போட நினைத்து, திரும்பப் பின்னால் போட்டால், அந்த நொடி நம் ஆள் எங்கே நின்றார்? பார்சிலோனாவில் புஸ்கெட்ஸ் ஆடிய ஆட்டங்களை இப்படிப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த மனிதர் புரிந்தார். இரண்டடி இடப்பக்கம் நகர்வார், அவ்வளவுதான். பாஸ் வழி மூடிவிடும்.

ரோட்ரியா, ரைஸா என்று கேட்டவருக்கு வருகிறேன். ரைஸ் 2023-இல் வெஸ்ட் ஹாமிலிருந்து ஆர்சனலுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் போனார். வெஸ்ட் ஹாமில் அவர் இருந்தது பந்தை எதிரணிக்கு விட்டுத் தடுக்கும் அணியில். ஆர்சனலில் பல மாதம் அவர் ஆடியது பின்னால் நிற்கும் வேலையே அல்ல, இடப்பக்கம் மேலேறி ஓடும் 8-ஆம் எண் வேலை. எந்த ரைஸின் எண்ணை ரோட்ரியோடு வைக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். வெஸ்ட் ஹாம் ரைஸ் என்றால் வாய்ப்பு சமமில்லை, ஆர்சனல் ரைஸ் என்றால் வேலை சமமில்லை. பந்தை வைத்து ஆளும் அணிக்கு பின்னால் தனியாக ஒருவரை நிறுத்தவேண்டும் என்றால், முழங்கால் முழுதாகத் தேறிய ரோட்ரியை எடுப்பேன். இரண்டு பெனால்டி பாக்ஸுக்கும் நடுவே ஓடி நிரப்ப ஒருவர் வேண்டும் என்றால் ரைஸ். நீங்கள் அனுப்பிய மூன்று வரிசை எண்ணை இந்த முடிவுக்கு நான் எங்கும் தொடவில்லை.